விளிம்புக்குப் போகும் வழி

இலங்கையின் ஹோட்டன் சமவெளி விளிம்பில் 'உலக முடிவு' என்று சொல்லும் செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்கப் புறப்படுகிறவர்களில் பலர் அதைப் பார்க்காமலேதான் திரும்புகிறார்கள். காலை ஒன்பது மணி தாண்டினால் தெற்கேயிருந்து மூட்டம் ஏறி விளிம்பை மூடிவிடும். வெறும் வெள்ளைக்கு முன்னால் நின்று, அந்த வெள்ளையையே கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, "ஒன்னுமே தெரியல" என்று முணுமுணுத்தபடி வருகிறவர்களை எந்தக் காலையிலும் பார்க்கலாம். ஆகவே பட்டிப்பொலையிலிருந்து ஹோட்டன் சமவெளிக்குப் போகும் ஒருநாள் சுற்றை நான் அந்தப் பள்ளத்தை வைத்து மதிப்பிடுவதில்லை. ஒன்பது கிலோமீட்டர் சொச்சம் நீளும் வட்டப் பாதையில், விளிம்புக்கு வந்து சேருமுன் வழிகாட்டி எங்கெங்கே நிறுத்துகிறார், எதற்காக நிறுத்துகிறார், எங்கே வாயை மூடிக்கொள்கிறார் என்பதுதான் என் அளவுகோல்.

நிறுத்தத் தெரிந்த ஒருவரோடு போக வாய்த்தது. தோட்டத்து லயத்தில் பிறந்தவர். இப்போது வீட்டார் லீக்சும் கோவாவும் போடும் துண்டு நிலத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார். தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் வரும், ஆங்கிலம் அதைவிடக் கொஞ்சம் நிதானமாக. வேன் ஓட்டிவந்த பெரியவரை "அண்ணே" என்றார், என்னை "சேர்" என்றார். நான் அவரைத் "தம்பி" என்றே கூப்பிட்டேன். இங்கேயும் தம்பி என்றே இருக்கட்டும்.

பட்டிப்பொலைக்கு ஒரு சிறப்பு உண்டு. அது இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம். ஸ்டேசனைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் பாதையின் உச்சியைக் குறிக்கும் பலகை நிற்கிறது: 6,226 அடி. ஊட்டி மலை ரயிலை அறிந்தவர்களுக்கு இதில் ஒரு வியப்பு காத்திருக்கிறது. அங்கே மீட்டர் பாதை, நடுவில் பற்சட்டம். இங்கே 5 அடி 6 அங்குல அகலப் பாதை, பற்சட்டம் கிடையாது. 44 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தில், மலையின் விலாவைச் சுற்றிச் சுற்றி, சக்கரத்தின் பிடிமானம் ஒன்றை நம்பியே கோச்சி இவ்வளவு உயரம் வந்துவிடுகிறது. 1885இல் நானுஓயா வரை வந்த தண்டவாளம் இந்த உச்சியைக் கடந்து அப்புத்தளையைத் தொட 1893 ஆயிற்று. அந்த எட்டு வருடத்து வேலை என்ன வேலை என்று தெரிய வேண்டுமானால் வண்டி வளையும்போது சன்னலுக்கு வெளியே பாறை வெட்டுகளைப் பார்க்க வேண்டும். உளி விழுந்த கோடுகள் சில இடங்களில் பாசிக்கடியில் இன்னும் புலப்படுகின்றன.

ஸ்டேசனில் தம்பி காட்டிய முதல் விசயம் உயரப் பலகை அல்ல, ஒரு வளையம். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் இரண்டு ஸ்டேசன்களுக்கு நடுவே ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் போகலாம். அதற்கான அனுமதியாக உலோகத் தட்டு ஒன்றைப் பையில் போட்டு, பிடிப்பதற்கு வாகாக ஒரு பெரிய வளையத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். சாரதி வந்த பகுதியின் வளையத்தை ஒரு கையால் நீட்ட, ஸ்டேசன்காரர் அடுத்த பகுதிக்கான வளையத்தை நீட்ட, இரண்டும் கைமாறுகின்றன. இந்தத் தட்டு முறை விக்டோரியா காலத்தது. "இது கையில இல்லாம வண்டி ஒரு அடி நகராது சேர்" என்றார் தம்பி. நகரவும் இல்லை.

வேன் கிளம்பியபோது இன்னும் இருட்டு. அம்பேவெலப் பக்கம் காற்றாலைகளின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. பட்டிப்பொலைத் தோட்டங்களில் தேயிலையைவிட மரக்கறிதான் கண்ணில் படும். தேயிலைக்கும் இந்தக் குளிர் கொஞ்சம் அதிகம். வெளிச்சம் வரவர, சரிவில் வெட்டிய பாத்திகளில் லீக்சின் நீலம் கலந்த பச்சையும், கோவாவின் சாம்பல் பூத்த பச்சையும், உருளைக்கிழங்கின் கரும்பச்சையும் தனித்தனியாகப் பிரிந்து வந்தன. தை, மாசியில் இந்தப் பாத்திகள் மேல் துகள் உறைபனி விழும். வானொலியில் அந்தச் சொல்லைக் கேட்டாலே உருளைக்கிழங்கு போட்டவர்களுக்கு வயிறு கலங்கும். இலை கருகிவிடும். காலையில் வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்து அந்தப் பனியைக் கரைத்துவிடுவார்கள் என்று வேன்காரர் சொன்னார். சுற்றுலாக்காரர் புல் வெளுத்திருப்பதைப் பார்த்து மகிழ்ந்து படம் எடுக்கும் அதே காலையில்தான் இந்த ஓட்டமும் நடக்கிறது.

பூங்கா வாசலில் சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்கச் சொல்கிறார்கள். பொலித்தீன் உள்ளே போகக்கூடாது. பிஸ்கட்டின் மேலுறையைக் கழற்றிக் கடுதாசியில் சுற்றிக் கொடுக்கிறார்கள். தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்துவிடுகிறார்கள். ஷொப்பிங் பேக்கோடு வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். எனக்கு இந்தச் சோதனை மிகப் பிடித்திருந்தது. தம்பியின் பொதியில் பிரிக்க ஒன்றுமில்லை: தேங்காய் ரொட்டி, கட்டச்சம்பல், கடுதாசி.

வாசல் தாண்டி, சாலையோரம் மரங்கள் சூழ்ந்த ஒரு சிறு குளத்தருகே வேனை நிறுத்தச் சொன்னார். அரெங்கா குளம் என்று பறவை பார்ப்பவர்கள் சொல்லும் இடம். இலங்கையில் மட்டும், அதுவும் மலைநாட்டின் ஈரக் காடுகளில் மட்டும் வாழும் ஒரு சீட்டிக்குருவியின் பெயர் அந்தக் குளத்துக்கு. ஆண் கருநீலம், தோளில் மட்டும் ஒரு பளிச்சிடும் நீலத் திட்டு, பெண் பழுப்பு. விடிவதற்கும் வெளிச்சத்துக்கும் இடைப்பட்ட சில நிமிடங்களிலும், அந்தியிலும்தான் குரல் கொடுக்கும். நாங்கள் எட்டுப்பேர் வேனுக்குள் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தோம். தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் வந்த இரண்டு ஜீப்புகள் எங்களை ஒதுக்கிவிட்டு மேலே விரைந்தன, அவர்களுக்கு விளிம்பு. கூரான, மெல்லிய, உலோகத்தில் உலோகம் தீட்டியதைப் போன்ற ஒரு சீட்டி, தண்ணீருக்கு அப்பால் இருட்டிலிருந்து வந்தது. பறவையைப் பார்த்தோமா? இல்லை. ஒரு கிளை ஆடியதைப் பார்த்தோம். ஆனால் குரல் கேட்ட பிறகு, குளக்கரையில் மரத்தின் அடியில் எவ்வளவு இருட்டு, நடுத்தண்ணீரில் எவ்வளவு வெளிச்சம் என்பதெல்லாம் கண்ணுக்குத் தனித்தனியாகப் பட்டது. தம்பி அதற்காகத்தான் நிறுத்தினாரோ என்று இப்போது தோன்றுகிறது.

ஃபார் இன் என்ற பழைய வெள்ளைக்கார வேட்டை விடுதி இப்போது வருகையாளர் நிலையம். தாமஸ் ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயர். துரைமார் மரை வேட்டைக்கு வந்து தங்கிய இடத்தில் இன்று மரைகள் கூச்சமில்லாமல் மேய்கின்றன. கிளைத்த கொம்போடு ஓர் ஆண் மரை வாகனத் தரிப்பிடத்துக்குள்ளேயே வந்து நின்றது. கழுத்து மயிரின் ஒவ்வொரு நுனியிலும் பனித்துளி. தலையை உதறியபோது அத்தனையும் ஒரே சமயத்தில் சிதறின. "பிஸ்கட் குடுக்காதீங்க மிஸ்" என்று தம்பி பக்கத்து வேன் பெண்ணிடம் சொன்ன குரலில் கண்டிப்பு இருந்தது, கோபம் இல்லை.

நடை தொடங்குகிறது. 2,100 மீட்டருக்கு மேல் ஒரு சமவெளி என்பதே விசித்திரம். மலை ஏறி முடித்துவிட்டு அதன் மேல் சும்மா நடக்கிறோம். புல்வெளி, நடுநடுவே காடு, மறுபடி புல்வெளி. நீலகிரியின் சோலைக் காடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானது. தம்பி நிறுத்திய இடம் காட்டுக்குள்ளும் இல்லை, புல்லிலும் இல்லை. இரண்டும் சந்திக்கும் கோட்டில். ஓர் அடி எடுத்து வைத்தால் புல், மறு அடி மரம். இடையில் தயக்கமான புதர் எதுவும் இல்லை. காடு மேட்டிலும் புல் பள்ளத்திலும் இருப்பதைக் கவனிக்கச் சொன்னார். இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் வந்து தேங்குகிறது, அங்கே மரக்கன்று பிழைப்பதில்லை என்று ஒரு விளக்கம் உண்டு. விளக்கத்தைச் சொல்லிவிட்டு, காட்டோரத்தில் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னார். பள்ளத்துக்குள் இறங்கியதும் விரல் நுனி சில்லிட்டது. மேட்டில் ஏறியதும் விட்டது.

காலடி மண்ணைக் கொஞ்சம் கிள்ளி எடுத்துக் காட்டினார். கரிசலைவிடக் கறுப்பு, பிசைந்தால் எண்ணெய்ப்பசை. குளிரில் மக்கியும் மக்காமலும் அடுக்கடுக்காகத் தங்கிய புல்லின் மிச்சம் அது. சமவெளியின் சதுப்புகளில் இந்தக் கறுப்பு மண்ணைத் துளைத்தெடுத்து, அதில் புதைந்திருக்கும் மகரந்தத் துகள்களை எண்ணி, இருபதாயிரம் ஆண்டுக்கும் முந்திய தட்பவெப்பத்தை ஆய்வாளர் பிரேமதிலக்க வாசித்திருக்கிறார். காட்டெரிப்பு, மேய்ச்சல், தானியச் செடிகளின் சுவடுகளும் அதில் தெரிகின்றன என்பது அவர் முடிவு. ஆளில்லாத வெளி என்று நாம் நினைத்து நடக்கும் நிலம் அவ்வளவு ஆளில்லாததாக இருந்திருக்கவில்லை. விரலில் ஒட்டிய மண்ணைக் காற்சட்டையில் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. தம்பி தயக்கமில்லாமல் துடைத்துக்கொண்டார்.

காட்டுக்குள் வெளிச்சம் பச்சையாகிவிடுகிறது. மரங்கள் உயரமில்லை. காற்று மேலே ஒரே மட்டத்தில் வெட்டிவிட்டிருக்கிறது. கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையைப் பார்ப்பது போல் முகடு தட்டையாக இருக்கிறது. தண்டு மட்டும் கீழே தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொண்டு போகிறது. கீன என்று சிங்களத்தில் சொல்லும் மரமே இங்கே அதிகம். இலை சிறிது, தடிப்பு, மேற்புறம் மினுக்கம். குளிரிலிருந்தும், உயரத்தின் கடும் வெயிலிலிருந்தும், காற்றிலிருந்தும் ஒரே தடிப்பால் தப்பிக்கும் ஏற்பாடு. கொழுந்து மட்டும் செந்நிறம். வயது முதிர்ந்த மரங்களில் கிளைக்குக் கிளை தொங்கும் தாடிப்பாசியைத் தம்பி விரலால் மெதுவாக இழுத்துக் காட்டினார். நூலின் நடுவே ஒரு வெள்ளை இழை ரப்பரைப் போல நீண்டது, மேலுறை மட்டும் வளையம் வளையமாக வெடித்தது. காற்று கெட்ட இடத்தில் இது வளராது. நகரத்துக்குத் திரும்பும்போது நினைத்துக்கொள்ள ஒன்று.

காட்டின் ஓரங்களில், புல்லுக்குள் தனித்தனியாக ரொடொடென்ட்ரன் நிற்கிறது. ரத்தச் சிவப்புப் பூங்கொத்து. நீலகிரியில் இதன் உறவைக் காட்டுப் பூவரசு என்கிறார்கள். அடுத்த உறவு இமயத்தில்தான். இடையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வெப்ப நிலம். பூமி இன்னும் குளிர்ந்திருந்த காலத்தில் பரவி, வெப்பம் ஏற ஏற உச்சிகளுக்கு ஒதுங்கிக்கொண்ட மரம் என்று தாவரவியலார் சொல்வது இதைப் பார்த்தபின் நம்பக் கடினமாக இல்லை. இலையைத் திருப்பினால் அடிப்புறம் பழுப்பு மெத்து. தம்பி இலையைப் பறிக்கவில்லை. கிளையைத் தாழ்த்தித் திருப்பிக் காட்டிவிட்டு, பழைய இடத்துக்கே மெல்ல விட்டார். பக்கத்தில் நெலுப் புதர்களின் கணுக்கணுவான தண்டுகள். குறிஞ்சிக் குடும்பம், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றாகப் பூத்து ஒன்றாக மடியும். 2013இலும் 2025இலும் சமவெளி நீலமும் ஊதாவுமானது. பூத்த ஆண்டில் இதே பாதையில் கூட்டம் தாங்காது. பூக்காத ஆண்டில் அந்தத் தண்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பிறகு பல்லி. இதற்காகவே தம்பிக்கு இரட்டிப்புக் கூலி கொடுக்கலாம்.

"சேர், இந்த மரத்துல ஒன்னு இருக்கு. நீங்களே பாருங்க" என்றார். மரம் எனக்குக் கைக்கெட்டும் தூரம். பாசி, பட்டை, செதில் செதிலான காளான், ஈரம். ஒன்றும் தெரியவில்லை. அவர் காட்டவில்லை, காத்திருந்தார். ஜீப்பில் வந்தவர்கள் பின்னாலிருந்து வந்து எங்களைத் தாண்டிப் போனார்கள். பட்டையின் ஒரு முடிச்சுக்குக் கண் இருப்பது அப்புறம் தெரிந்தது. கண்ணிலிருந்து முகம் வந்தது. முகத்தின் நுனியில், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில், மேல்நோக்கி ஒரு வெண்ணிறக் கொம்பு. அவ்வளவு நேரமும் நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

காண்டாமிருகக் கொம்புப் பல்லி என்று இதைச் சொல்லலாம். இலங்கையின் உயர்மலைக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. ஆணுக்குத்தான் கொம்பு எடுப்பாக இருக்கும். ஓணான் இனத்துக்குரிய பரபரப்பு இதற்கு இல்லை. ஓடித் தப்பிக்கும் பழக்கத்தைவிட அசையாமல் தப்பிக்கும் பழக்கம் அதிகம். கன்னத்தில் செதில்கள் பெரிதும் சிறிதுமாக ஒழுங்கில்லாமல் அடுக்கியிருக்கின்றன. அந்த ஒழுங்கின்மைதான் அதைப் பட்டையாக்குகிறது. ஓரக் கண்ணை மட்டும் எங்கள் பக்கம் உருட்டியது. கண்ணைச் சுற்றிய மடிப்பில் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு இருந்ததா, வெளிச்சமா என்று நாங்கள் வாதாடினோம். பக்கத்துக் காட்டிலேயே இதன் குட்டி உறவு ஒன்றும் உண்டு: வாலால் கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், முட்டையிடாமல் குட்டி போடும். அது அன்று கிடைக்கவில்லை. தேவாங்கு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவே கூடாது. ஹோட்டன் சமவெளித் தேவாங்கு அழிந்தே போயிற்று என்று பல பத்தாண்டுகள் நம்பியிருந்தார்கள். அதன் முதல் படங்கள் உலகத்துக்குக் கிடைத்தது 2010இல்தான். இரவில் நடமாடும் அந்தப் பிராணி நாங்கள் கடந்த ஏதோ ஒரு மரத்தில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்திருக்கலாம்.

பாறை தெரியத் தொடங்கிய இடத்தில் ஒரு கேள்வி வந்தது. எங்கள் கூட்டத்தில் பிரான்சிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம். அவர்கள் முந்திய ஆண்டு கரீபியன் கடலில் குவாதலூப் தீவுக்குப் போய், லா சூஃப்ரியேர் எரிமலையில் வழிகாட்டியோடு ஏறியிருந்தார்கள். 1,467 மீட்டர். கந்தக நெடி, ஆவி கக்கும் பிளவு, காலுக்கடியில் சூடு. "இங்கேயும் எரிமலை இருந்ததா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். 

"இல்லம்மா. ஆனா இந்தக் கல்லு நெருப்பு பார்த்த கல்லு."

குனிந்து, உடைந்த பாறையின் புது முகத்தைக் காட்டினார். சாம்பலுக்குள் அங்கங்கே மிளகளவு சிவப்புப் பொட்டுகள்: கார்னெட். இலங்கையின் மத்திய மலைகள் எரிமலையால் எழுந்தவை அல்ல. பூமிக்கு அடியில் இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பாறைகள், மேலிருந்ததெல்லாம் அரிக்கப்பட்டபின் வெளியே வந்தவை. அந்த வேக்காடு நடந்து ஐம்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. இவற்றில் ஒரு வகைதான் சார்னக்கைட். சென்னைப் பறங்கிமலையும் பல்லாவரமும் அதே வகைக் கல்தான். கோண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தில் தமிழ்நாடும் இலங்கையும் ஒட்டிக்கிடந்த காலத்து உறவு இது. கரீபியன் தீவுகளின் நெருப்போ இன்றைய நெருப்பு. மார்த்தினிக்கில் 1902 மே 8 அன்று மோன் பெலே வெடித்துச் சேன் பியேர் நகரத்தில் ஏறத்தாழ 28,000 பேர் சில நிமிடங்களில் மாண்டார்கள். குவாதலூப்பின் சூஃப்ரியேர் 1976இல் குமுறியபோது எழுபதாயிரம் பேருக்கு மேல் வீடுவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அங்கே வழிகாட்டிக்கு வேலை சுலபம், மலையே பேசிவிடும். இங்கே மலை பேசி முடித்து யுகங்களாயிற்று. பாறையில் ஒரு மிளகளவு பொட்டைக் காட்ட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

அந்தக் குடும்பத்துப் பெரியவர் இன்னொன்று சொன்னார். குவாதலூப்பில் கப்பெஸ்தேர் ஊரருகே சாங்கி என்ற இடத்தில் கோபுரத்தோடு ஒரு கோயில் பார்த்தாராம். மாரியம்மனை மாலியேமின் என்றும், மதுரைவீரனை மல்தேவிலன் என்றும் கும்பிடுகிறார்களாம், தமிழ் பேசத் தெரியாமல். 1854 கிறிஸ்துமசுக்கு முந்திய நாள் முதல் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்கள் கரும்புக்குப் போனார்கள். அதே காலத்தில் பாக்கு நீரிணையைக் கடந்து மன்னாரில் இறங்கியவர்கள் மாத்தளை வரை நடந்து கோப்பிக்கு வந்தார்கள், பிறகு தேயிலைக்கு. பஞ்சமும் கடனும் இரண்டு கரைகளுக்கும் ஒரே மக்களைத்தான் தள்ளின. தம்பி கேட்டுக்கொண்டே நடந்தார். "அங்கயும் மதுரைவீரனுக்குக் கெடா வெட்டுறாங்களா?" என்றார். வெட்டுகிறார்கள் என்றார் பெரியவர். தம்பி தலையசைத்தார், அடுத்த பாறையைக் காட்டப் போய்விட்டார்.

சிறிய உலக முடிவு, பிறகு பெரியது. எங்களுக்கு வாய்த்தது பாதி. பள்ளம் 800 மீட்டருக்கு மேல். சரியான எண்ணைப் பற்றிப் பலகைகளும் புத்தகங்களும் ஒத்துப்போவதில்லை. எண்ணைவிடச் சுவையானது மூட்டம் வரும் விதம். அது பக்கவாட்டில் வருவதில்லை. கீழ்ச்சமவெளி வெயிலில் சூடேற, காற்று பாறைச் சுவரை ஒட்டி நேர்செங்குத்தாக ஏறுகிறது. விளிம்புக்கு வந்ததும் நின்று, உள்ளே மடிந்து, புல்லின் மேல் தவழ்ந்து நம் முழங்காலைச் சுற்றிக்கொள்கிறது. ஏறும் மூட்டத்துக்குள் உழவாரக் குருவிகள் பாய்கின்றன. அவற்றின் முதுகைப் பார்க்கிறோம்! அண்ணாந்து வயிற்றை மட்டும் பார்த்துப் பழகிய பறவையின் முதுகு இவ்வளவு பழுப்பாக இருக்கும் என்று யார் நினைத்தார்கள்.

ஒரு தரம் மூட்டம் விலகியது. மிகக் கீழே நன்பெரியல் தோட்டத்துத் தேயிலை, நடுவே செம்மண் பாதை, தகரக் கூரைகளின் வரிசை. அதற்கும் அப்பால் நிலம் இன்னொரு படி இறங்கி, கடற்கரைச் சமவெளிக்குப் போகிறது. இலங்கையின் நிலம் மூன்று படிகளாக இருப்பதை 1929இல் ஆடம்ஸ் எழுதினார். பிறகு 1940களில், இங்கே அரசின் கனிமவியலாளராக இருந்த இந்தியப் புவியியலாளர் வாடியா, அரிப்பினால் மட்டும் வந்த படிகள் அல்ல, பாறைத் தொகுதிகளாக நிலமே தூக்கப்பட்டதால் வந்தவை என்றார். வாதம் அதற்குப் பின்னும் தொடர்ந்தது. விளிம்பில் நின்றால் இருவருடைய கட்டுரையின் படமும் காலடியில் கிடக்கிறது. மற்றவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, தம்பி இரண்டு கையாலும் மூன்று படியைக் காற்றில் வரைந்து காட்டினார். படங்களுக்குள் அவருடைய கை எங்கேயாவது விழுந்திருக்கும்.

பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு ஆர்வமில்லை. சுமார் இருபது மீட்டர். அழகுதான், கறுப்புப் பாறையில் விசிறியாக விழுகிறது. சாமுவேல் பேக்கர் 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்து வேட்டை நாய்களோடு இந்த மலைகளில் மரையைத் துரத்தியவர். நைல் நதி மூலம் தேடிப் போனது அதற்குப் பிறகு. அவர் பெயரைவிட அந்தத் தண்ணீரின் போக்கு எனக்கு முக்கியமாகப் பட்டது. இது பெலிஹுல் ஓயா. வளவை கங்கையில் சேர்ந்து தெற்குக் கடலுக்குப் போகும். இதே சமவெளியின் வேறு மூலையில் ஊறும் அக்ரா ஓயா மகாவலியில் சேர்ந்து கிழக்குக் கரைக்குப் போகும். களனிக்கும் இங்கிருந்து நீர் போகிறது. தாவரவியலாளர் ஜோசஃப் ஹுக்கர் 1873இல் ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடாதீர்கள் என்று ஆங்கில அரசுக்குச் சொல்லியிருக்காவிட்டால் இந்த ஓடைகளின் தலைமாட்டிலும் தேயிலை ஏறியிருக்கும். மூட்டம் புல்லில் தங்கி, புல்லிலிருந்து கறுப்பு மண்ணுக்கு இறங்கி, மண்ணிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிவதை ஒரு சின்னப் பாலத்தடியில் தம்பி காட்டினார். அந்தக் கசிவில் ஓசையே இல்லை.

குறைகளும் உண்டு. விடுமுறை நாள்களில் பாதையே தெரியாத அளவு சனம். ஒலிபெருக்கிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருபவர்களை வாசலில் பொலித்தீனோடு சேர்த்து வாங்கி வைக்கலாம். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக ஓட்டிவந்து, விளிம்பில் எண்ணிப் பார்த்து, திரும்பவும் ஓட்டிப் போகிறார்கள். ஃபார் இன்னைச் சுற்றி மஞ்சளாகப் பூத்திருக்கும் முட்புதர் பார்க்க அழகு. அது வெள்ளைக்காரன் கொண்டுவந்த கோர்ஸ், உள்ளூர்ப் புல்லை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடுங்க ஆட்கள் போகிறார்கள், அது மறுபடி முளைக்கிறது. வழிகாட்டிகளிலும் மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் உண்டு. மரை மேயும் வெளியில் நின்று சிறுத்தைக் கதை சொல்லிப் பயமுறுத்துபவர்களும் உண்டு. சிறுத்தை இருக்கத்தான் செய்கிறது, கதைதான் மிகை. தம்பியிடமும் ஒரு குறை: சிங்களப் பெயர், ஆங்கிலப் பெயர், லத்தீன் பெயர் மூன்றையும் சொல்லும் ஆள், தோட்டத்து மக்கள் இந்தச் செடிகளை என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால் சிரித்து மழுப்புகிறார்.

மத்தியானம் பட்டிப்பொலை ஸ்டேசன் எதிரே பிளேன்டீ. பதுளைப் பக்கம் போகும் வண்டி வந்தது. வளையம் கைமாறியது. உச்சிப் பலகை வரை இஞ்சின் கனத்து முக்கிக்கொண்டே ஏறுகிறது. பலகையைத் தாண்டியதும் அந்த முக்கல் அறுந்து, சக்கரங்களில் தடை உரசும் ஓசை தொடங்குகிறது. உடம்பு தானாக ஓர் அங்குலம் முன்னால் சாய்கிறது. அடுத்து சுரங்கம். நுழையும்போது நுவரெலியாவின் தூறல், வெளிப்பட்டால் பல நாள்களில் ஊவாவின் வெயில். அன்றும் வெயில்தான். பெட்டி முழுக்க ஒரே நேரத்தில் குளிர்ச்சட்டைகளைக் கழற்றத் தொடங்கியபோது, கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு "இஸ்ஸோ வடே, இஸ்ஸோ வடே" என்று ஒருவர் நடுவால் புகுந்தார்; கழற்றிய கை சட்டைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்க, மற்றக் கையால் சில்லறை தேடினோம்.